அக்கா இழுத்த கோடு

அந்தத் திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை நான் போட்டுவிட்டு வந்த சிவப்பு வலயத்தின் அடிப்பக்கத்தில் ஒரு கடி விழுந்திருந்தது. பிஸ்கட்டை யாரோ ஒரு கடி கடித்துவிட்டு வைத்த மாதிரி. கடிபட்டுப்போன துண்டுக்குள் இருந்தது ஒரே ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய தோட்டத்து வீடுகள். என் அக்கா, புருஷன் பிள்ளைகளோடு குடியிருந்த லயம் அது.

இணைப்பு மெதுவாக இருப்பதால் படம் முழுசாக வரவில்லையோ என்று நினைத்து, மூடித் திறந்தேன். மறுபடியும் அதே கடி. லயத்தின் நீளத் தகரக்கூரை தெளிவாகத் தெரிந்தது. அதன் மேலே வெள்ளிக்கிழமை கிடந்த சிவப்பு இல்லை. பக்கத்துப் பச்சை வலயம் நாக்கை நீட்டி அந்தக் கூரையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய பத்தாண்டின் கடைசிப் பகுதி அது. வடக்கே சண்டை இன்னும் முடியவில்லை. ஹட்டன் நகரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் எந்தச் சரிவு மழைக்கு இறங்கும், எது இறங்காது என்று பார்த்து வரைபடத்தில் வலயம் போடுவது எங்கள் வேலை. சிவப்பு என்றால் மழைக்காலம் தொடங்கும் முன்பே வெளியேற வேண்டும், பிறகு வேறு இடத்தில் காணியும் வீடும் கிடைக்கும். மஞ்சள் என்றால் மழை கனத்தால் வெளியேற வேண்டும். பச்சை என்றால் கவலையில்லாமல் தூங்கலாம்.

வானத்திலிருந்து எடுத்த படத்தின் மேல்தான் கோடு போடுவோம். ஒவ்வொரு மூலையிலும் ஒரு புள்ளி. புள்ளியைப் பிடித்து இழுத்தால் வலயம் நீளும், சுருங்கும். வரைபடம் எல்லோருக்கும் பொது. ஒருவர் இழுத்துச் சேமித்தால் மற்றவர் திரையிலும் அது நகர்ந்திருக்கும். இதில் வரும் சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு தடவை என் கோடும் இன்னொருவர் கோடும் ஒரே லயத்துக்கு நடுவே போய், முதல் மூன்று காம்பரா சிவப்பாகவும் மீதி மஞ்சளாகவும் ஆகிவிட்டது. ஒரே கூரை, ஒரே சுவர். மூன்றாம் வீட்டுக்காரி ஓட வேண்டும், நாலாம் வீட்டுக்காரி சோறு வடித்துக்கொண்டிருக்கலாம். அந்த மாதிரி கூத்துகளைப் பார்த்துச் சரிசெய்வது என் பொறுப்பு.

அக்காவின் லயத்துக்குச் சிவப்புப் போட்டது நான். சொந்தம் என்பதற்காகப் போடவில்லை. லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவே, கை நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. போன வருஷ மழைக்குப் பிறகு அது இரண்டு மடங்காக அகன்றது. அதை நானே குனிந்து பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர். பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். இன்னொருத்தி சிங்களப் பெண், என்னைவிட இளையவள். அவள் என்னை அக்கே என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்ற அர்த்தத்தில் நங்கி என்பேன். மூன்று பேருக்கும் வரைபடத்துக்குள் நுழைய ஒரே பெயர், சேருடைய பெயர். அலுவலகம் திறந்த அன்று யாரோ அப்படிப் பதிந்து கொடுத்துவிட்டார்கள், அப்படியே போய்க்கொண்டிருந்தது. யார் கோட்டை இழுத்தாலும் சேர் இழுத்ததாகவே காட்டும்.

அந்தக் கடிக்குக் கீழே சேர் பெயரைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. நேரே சேருடைய மேசைக்குப் போய் நின்றேன்.

"சேர், எங்க அக்கா லயத்துல கை வச்சது நீங்களா? அந்த வெடிப்ப நீங்க கண்ணால பார்த்தீங்களா? மண்ணுக்கடியில பொணத்தத் தேடுறப்ப பச்சைன்னு சொல்வீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கோவிக்காதையும் பிள்ளை. நான் அதில ஒண்டும் தொடேல்லை."

"ஒங்க பேருதான் காட்டுது."

"அது எப்பவும் என்ர பேரைத்தானே காட்டும்."

அது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனாலும் கத்திக்கொண்டே இருந்தேன். யாழ்ப்பாணத்தாருக்குத் தோட்டத்துச் சனம் என்றால் அவ்வளவுதான் என்றும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. வரைபடம் என்றாலே அந்த மனிதருக்குப் பயம் என்பது எங்களுக்குத் தெரியும். அச்சடித்த படத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் ஏறவே மாட்டார். வடக்கத்தித் தமிழன் ஒருவன் பையில் மலையும் பாதையும் பாலமும் குறித்த படம் இருந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வெளியே கொண்டுபோகிற படம் எல்லாவற்றையும் நங்கிதான் கொண்டுபோவாள்.

நங்கி அப்போதுதான் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். என் சத்தம் படிவரைக்கும் கேட்டிருக்கிறது.

"அக்கே, அது நான் செஞ்சது. சனிக்கிழம உங்கட லொக்கு அக்கே வந்தது தானே. தோட்டத் தலைவரும் கூட வந்தது."

லொக்கு அக்கே என்றால் பெரிய அக்கா. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு வந்தது?"

"உங்கட அக்கா. உங்கட கதிரையிலதான் உக்காந்தது. லயத்த சிவப்புல இருந்து எடுக்கச் சொன்னது. நான் நெனச்சது நீங்கதான் அனுப்பினது என்டு. புள்ளி எப்படி இழுக்கிறது என்டு காட்டினேன். மவுஸப் புடிச்சி அவங்களே இழுத்தாங்க."

நான் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். கொழுந்து கிள்ளுகிற என் அக்கா, கைப்பேசியில் நம்பர் அழுத்தக்கூட மகளைக் கூப்பிடுகிற என் அக்கா, என் கதிரையில் உட்கார்ந்து, நான் உயிரைக் காப்பாற்றப் போட்ட கோட்டைத் தன் கையாலேயே இழுத்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறாள். பைத்தியம் பிடித்துவிட்டதா அவளுக்கு என்று வாய்விட்டே கேட்டேன். சேர் எழுந்துபோய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அதற்கு ஒரு நன்றிகூட நான் சொல்லவில்லை.

முதலில் கோட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துச் சேமித்தேன். பிறகு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு அக்காவை மனசுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அக்கா கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் கரியும் எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் ஒரு தட்டில் கிடந்தன. என்னைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வந்துட்டியா. சோறு போடவா?"

"ஒன் சோத்தத் தூக்கி ஒடப்புல போடு. யாரக் கேட்டுடி கோட்ட இழுத்த?"

"அக்காவ டீ போட்டுப் பேசுற அளவுக்கு ஆயிட்டியா?"

"மண்ணு வந்து மூடுனா அக்கா எங்க, தங்கச்சி எங்க?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். "இன்னக்கிப் பொழுதுக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டு. இந்த வருஷம் கரகம் ஒன் மச்சான் எடுக்குறாரு. காப்புக் கட்டிட்டா திருவிழா முடியிற மட்டும் எல்லைய விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? சிவப்புன்னா பொலிஸ்காரங்க வந்து எல்லாரையும் டவுன் மண்டபத்துல கொண்டு போய்ப் போட்டுருவாங்களாமே. தலைவரு சொன்னாரு. கரகக்காரரு டவுன்ல படுத்தா அம்மன் சும்மா இருப்பாளா?"

நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தான். சின்ன வயதில் காப்புக் கட்டிய பிறகு, அடுத்த தோட்டத்துச் சித்தி வீட்டில் தங்க அழுது அடி வாங்கியவள்தான். வரைபடத்தில் எத்தனையோ எல்லை போட்டேன். அம்மனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது எனக்கு ஏன் ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"திருவிழா முடியட்டும். திரும்பச் சிவப்புப் போட்டுக்க. நானா வேணாங்கிறேன்?" என்றாள் அக்கா.

"மழை ஒன் திருவிழா முடியிற மட்டும் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவள் கண் பின்சுவர்ப் பக்கம் போனது. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கீறல் வந்திருந்தது. போன மாதம் நான் வந்தபோது அது இல்லை. அதன்மேல் ஒரு சாமிப் படத்தை மாட்டி மறைக்கப் பார்த்திருந்தாள். படம் சிறியது, கீறல் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரத்தில் எல்லை கட்டப் புறப்பட்டார்கள். பூசாரி முன்னால், தலைவர் பின்னால், தப்படிப்பவர்கள் அதற்கும் பின்னால். மூலைக்கு மூலை வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கட்டிக்கொண்டே போவார்கள். நானும் அக்காவும் கூடவே நடந்தோம். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு முருங்கை மரம். வருஷா வருஷம் அங்கேதான் கடைசிப் பழம். பாலத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், பள்ளிக்கூடம். எங்கள் வரைபடத்தில் நல்ல பச்சை. கட்டாந்தரை, பின்னால் சரிவே கிடையாது.

நான் தலைவரிடம் மெதுவாகக் கேட்டேன். "இந்தப் பழத்த அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டுல கட்டுனா என்னாங்க?"

"எல்லைய எப்பிடிம்மா மாத்துறது? காலங்காலமா இங்கதான கட்டுறோம்."

பூசாரியும் தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"தலைவரே, சனிக்கிழம ரெண்டு பேரும் டவுனுக்குப் போயி கவர்மெண்டுக்குப் போற கோட்டயே இழுத்துப்புட்டு வந்தோம். அப்ப ஒங்களுக்குக் கை நடுங்கல. பெத்த தாய்கிட்டயா நடுங்குது? புள்ளைங்க படுக்குற எடம் வரைக்கும் எல்லைய நீட்டுனா அவ கோவிச்சுக்குவாளா?"

தப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கடைசிப் பழத்தை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஏறினார். ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசாமல் ஒரு தோட்டமே அவர் பின்னால் போனது.

அன்றிலிருந்து அந்த லயத்துச் சனம் பகலில் வேலைக்கும் சமையலுக்கும் வீட்டில் இருந்தார்கள், பொழுது பட்டதும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். மச்சான் கையில் மஞ்சள் காப்போடு பெஞ்சுகளை இழுத்துப்போட்டு, சின்னப் பிள்ளைகளின் எழுத்துப் படங்களுக்குக் கீழே படுத்தார். அம்மன் எல்லைக்குள்தான் படுத்தார், யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

திருவிழாவுக்கு முன்பே மழை வந்தது. வேலைக்காட்டிலிருந்து நேரத்தோடு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குப் போய் உலை வைக்க நினைத்தவர்களை, அரிசிச் சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கே வரச்சொல்லி அக்கா விரட்டியிருக்கிறாள். பின்னேரம், பிள்ளைகள் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், லயத்துக்குப் பின்னால், தேயிலை மொத்தமாக நகர்ந்து இறங்கியது. சத்தம் பிறகுதான் வந்தது என்றாள் அக்கா. தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் நின்றபடியே வந்து லயத்தின் மேல் ஏறினவாம். கூரை மடிந்தது. அவ்வளவுதான். ஓர் உயிரும் போகவில்லை.

அதைக் கேள்விப்பட்டபோது நான் அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நங்கி என் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். அக்கா பிழைத்துவிட்டாள், இனிக் காணியும் வீடும் தானாக வந்துவிடும், அதிர்ச்சியெல்லாம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

காணி கொடுப்பது பற்றிப் பேச எங்களை ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் மூன்று பேர், அக்கா, தலைவர். அதிகாரி மரியாதையான மனிதர், கதிரை கொடுத்து உட்கார வைத்தார். மேசையில் எங்கள் வரைபடம் விரித்திருந்தது, முத்திரை குத்தியது. அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நங்கி தமிழில் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். அவள் முகம் வெளுத்தது.

"என்னா சொல்றாரு?" என்று அக்கா கேட்டாள்.

"சிவப்பு வலயத்துல இருக்கிறவங்களுக்குத்தான் காணி. இதுல உங்கட லயம் சிவப்பு இல்ல. பச்சை. பச்சைக்குத் தகரமும் அரிசியும் மட்டும் குடுக்கலாமாம்."

மழைக்காலத்துக்கு முன் அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டிய படத்தை நங்கி சனிக்கிழமை பின்னேரமே அச்சடித்து, திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வருகிற வழியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அக்கா இழுத்த கோட்டோடு. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. திரையில் நான் சிவப்பைத் திருப்பிப் போட்டதெல்லாம் திரையோடு சரி.

மண் விழுந்து மூடிய இடம், மண் விழாத இடம் என்று முத்திரையோடு மேசையில் கிடக்கிறது. நான் எழுந்து நின்று கத்தத் தொடங்கினேன். இப்போது வரைபடத்தில் சிவப்புத்தான் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்றேன். அவர் திறந்தே பார்த்தார். பச்சையாக்கியதும் ஒரே பெயர், திரும்பச் சிவப்பாக்கியதும் ஒரே பெயர். யார் இந்த ஆள், ஏன் இப்படி முன்னுக்குப் பின் மாற்றினார் என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். "நான்தாங்க இழுத்தேன்" என்று தமிழில் சொன்னாள். நங்கி அதை மொழிபெயர்க்கவில்லை. காணி கேட்டு வந்தவளே அரசாங்கப் படத்தைத் திருத்தினாள் என்று தெரிந்தால் அந்த லயத்துக்கே ஒன்றும் கிடைக்காது. அது நங்கிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போது பின்னால் ஒரு கதிரை நகர்ந்தது. "மகே வெரெத்த" என்றார் சேர். என்னுடைய பிழை என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். அது என் பெயர், கோட்டைப் பிழையாகப் போட்டேன், பிறகு கண்டு திருத்தினேன், எழுதித் தருகிறேன் என்றார். ஒரு தாளை வாங்கி அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். வரைபடத்தைப் பையில் வைக்கவே பயந்த மனிதர். அந்தக் காலத்தில், யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயரோடு, படத்தைத் தப்பாக வரைந்தவன் நான்தான் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லயத்தில் இருந்த எல்லாருடைய பெயரும் காணிப் பட்டியலில் ஏறியது. சேரை இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். படம் வரைய எங்கே படித்தாய், யார் கேட்டுத் திருத்தினாய், ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வரும்வரை நானும் நங்கியும் சாப்பிடவில்லை. மூன்றாம் தடவை கூப்பிடும் முன், மாதம் முடிந்ததும் அவர் வரத் தேவையில்லை என்று எங்கள் மேலிடமே சொல்லிவிட்டது.

கடைசி நாள் அவர் எங்கள் இருவருக்கும் வரைபடத்துக்குள் நுழையத் தனித்தனிப் பெயர் பதிந்து கொடுத்தார். "இனி உங்கட கோட்டுக்கு உங்கட பேர்தான் வரும். கவனமா இரும், பிள்ளை" என்றார். அன்றைக்கு நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையை அசைத்துவிட்டுப் படி இறங்கினார். ஊருக்குப் போவதாக மட்டும் சொன்னார்.

காணிக் கடிதம் வந்த அன்று அக்கா அதைச் சேருக்குக் காட்டுவதற்காகவே அலுவலகத்துக்கு வந்தாள். கதிரை காலியாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவள் வரைபடத்தைத் திறக்கச் சொன்னாள். பழைய லயத்து வலயத்தைத் தொட்டதும் கீழே அவர் பெயர் வந்தது. அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

"இழுத்தது என் கையி. பேரு அவரோடது நிக்கிது" என்றாள்.

நான் அந்த வலயத்தை மூடினேன்.

"அந்தச் சேரு போன எடம் இதுல தெரியுமாடி?"

நான் படத்தைப் பிடித்து வடக்கே இழுத்தேன். மலை போனது, தேயிலை போனது, பிறகு சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் வந்தன. இணைப்பு மெதுவாக இருந்தது. வரும் என்றேன். இருவரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.